கப்பும் கிராமும் கலந்த அதிரசம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் தீபாவளிச் சிறப்பிதழில் வந்த அதிரசக் குறிப்பைப் பார்த்து மாவு பிசைந்தேன். பாகு உருட்டுப் பதத்தில்தான் இருந்தது. ஆனால் முதல் அதிரசத்தை எண்ணெயில் போட்டதுமே பிரிந்து, வாணலி முழுக்கத் திப்பி திப்பியாக மிதந்தது. நாற்பது வருடமாகக் கண்ணளவில் அதிரசம் சுடுகிறவள், இந்த ஒரு முறை அச்சில் உள்ளபடியே செய்யலாமே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குக் கிடைத்த பரிசு இது.

மறுநாள் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ‘ஈர அரிசி மாவு 2 கப், வெல்லம் 250 கிராம்’ என்று இருந்தது. வெல்லத்துக்கு எடை, மாவுக்குக் கப். எந்தக் கப்? எங்கள் வீட்டு டம்ளர் 200 மில்லி. கடையில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250. ரைஸ் குக்கரோடு வருவது 180தான்.

பேரன் வாங்கி வைத்திருக்கும் சின்னத் தராசை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். சலித்த ஈர மாவை டம்ளரில் உதிர்த்துப் போட்டுத் தலைதட்டினால் 95 கிராம். அதையே 250 மில்லி கப்பில் விரலால் அழுத்தி நிரப்பினால் 160 கிராம். ஆக, ‘2 கப்’ என்பது 190 கிராமாகவும் இருக்கலாம், 320 கிராமாகவும் இருக்கலாம். 320 கிராம் மாவு கால் கிலோ வெல்லத்தைத் தாங்கும். என்னுடைய 190 கிராம் எப்படித் தாங்கும்?

கப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அம்மா எல்லாவற்றையும் ஒரே ஆழாக்கில் அளந்தார். இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசி என்றால் உளுந்து ஒரு ஆழாக்கு. பக்கத்து வீட்டு ஆழாக்கு பெரிதாக இருந்தால் அவர்களுக்கு நாலு இட்லி கூடுதலாக வரும், ருசி கெடாது. 1956இல் சட்டம் போட்டு, அடுத்த சில வருடங்களில் படியும் பலமும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. அதனால் கெட்டது ஒன்றும் இல்லை. ஒரே குறிப்பில் பாதியை அதிலும் பாதியை இதிலும் சொல்வதுதான் வம்பு.

‘ஒரு கப் என்றால் 250 கிராம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. தண்ணீருக்குத்தான் அது சரி. எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு லிட்டருக்கு 910 கிராம் என்று போட்டிருக்கும். என் 200 மில்லி டம்ளரில் பச்சரிசி 170 கிராம் பிடிக்கிறது, மைதா 105தான், தூள் உப்போ 240. கல் உப்பு போட்டால் எடை குறைகிறது, இடையிடையே காற்று. வெல்லத்தைக் கப்பில் சொன்னாலும் இதே கதைதான்: தட்டிய கட்டிகள் ஒரு எடை, தூளாக்கி அமுக்கினால் வேறு எடை.

எனவே குறிப்பு அனுப்புகிறவர்களிடம் கேட்டு, எல்லாவற்றையும் கிராமில் போடுங்கள். முடியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே கப்பில் சொல்லி, அது எத்தனை மில்லி, மாவைத் தலைதட்டினார்களா அழுத்தினார்களா என்று ஒரு வரி சேருங்கள். பெருங்காயத்துக்கும் ஏலக்காய்க்கும் இதெல்லாம் வேண்டாம், அது கைப்பழக்கம்.

கார்த்திகை வரப்போகிறது. பொரி உருண்டைக்கு ‘பொரி 4 கப், வெல்லம் 200 கிராம்’ என்று போடுவதற்கு முன், நெல் பொரியா அவல் பொரியா என்றாவது கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி