அக்காவுக்கு, அந்த உப்புப் பொட்டலம் பற்றி

அக்கா,

நாளை மறுநாள் அம்மாவின் திதி. படையல் உன் வீட்டிலா என் வீட்டிலா என்று கேட்கப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். பேசி மூன்று மாதம் ஆகிறது. உன் கிட்னி சோதனையில் கிரியேட்டினின் எவ்வளவு, எந்த டாக்டர் என்பதெல்லாம் இங்கே வராது. யாங்கோனில் பாதித் தமிழர்கள் இதைப் படிப்பார்கள்.

அன்று காளியம்மன் கோயில் அன்னதானம். உன் இலையில் மாங்காய் ஊறுகாய் வைத்தார்கள். நீ அதைத் தொடவே இல்லை. நான்தான் கையை நீட்டி வழித்து என் இலையில் போட்டுக்கொண்டு, "அக்காவுக்குக் கிட்னி கோளாறு, உப்பு ஆகாது" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. இரண்டு இலை தள்ளி யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத மாட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சோறு இருக்கும்போதே இலையை மடித்தாய். ரசம் ஓரமாய் வழிந்து உன் புடவையில் இறங்கியது. நான் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்புதான். ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது, ஒரு டீஸ்பூன்தான் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே நீ ஙாப்பி, அந்த உப்பு மீன் விழுது, வறுத்துக்கொண்டிருந்தாயே? "இது உப்பா, மீன்தானே?" என்றாய்.

அப்புறம் நான் பாங்காக்கில் வாங்கி வந்த 'லோ சோடியம்' உப்பு. சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பொட்டலத்தின் பின்னால் எல்லாம் தாய் எழுத்து. தெரிந்தவரிடம் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. பழுதான கிட்னியால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாதாம். உன் ரத்தத்தில் அது 6.1 வந்தது, 5-க்குள் இருக்க வேண்டியது. இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்று டாக்டர் சொன்னபோது நீ என் பக்கம் திரும்பினாய். அதற்கு அடுத்த மாதம்தான் அந்தப் பந்தி.

"தம்பி உப்பு கொடுத்துக் கொல்லப் பார்த்தான்" என்று நீ ஊரெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னதும் என் காதுக்கு வந்தது. 6.1 வந்த மாதம் தினமும் இளநீர் குடித்தாயே, அதிலும் பொட்டாசியம்தானே. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, விடு. படையல் என் வீட்டில். வாழைக்காய் இல்லாமல் அம்மாவுக்குத் திதியா? உனக்கு மட்டும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடுமாம். அதிலும் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன்.

ஊறுகாய் ஜாடியைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தேன். பிறகு எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு டாக்ஸி அனுப்புகிறேன்.

தம்பி