உங்கள் மனுவை நான் அனுப்பப் போவதில்லை

சுரங்கக் கம்பெனியின் தலைவர் அவர்களுக்கும், இயக்குநர் குழுவில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் கம்பெனியில் 4,000 பங்கு வைத்திருப்பவன் நான். ராயபுரத்துக்காரன். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் முப்பத்தோரு வருடம் டேலி கிளார்க்காக, அதாவது சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுபவனாக இருந்து 2020ல் ஓய்வு பெற்றேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கும் தெரியும், அது போதும்.

போன வாரம் உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மலையில் இரும்புத்தாதுச் சுரங்கம் தோண்ட அரசு அனுமதி மறுத்துவிட்டது, சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பு பாழாகிறது, எனவே இத்துடன் இருக்கும் மனுவில் பெயரும் டீமேட் (பங்குக் கணக்கு) எண்ணும் நிரப்பி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மனுவை நீங்களே எழுதி வைத்துவிட்டீர்கள். "என் ஓய்வுக்காலப் பணம் முடங்கிவிட்டது" என்று ஒரு வரிகூட எனக்காகத் தயாராக இருந்தது. வாஸ்தவம்தான், முடங்கித்தான் கிடக்கிறது. 62 ரூபாய்க்கு வாங்கியது இன்றைக்கு 19. கிராஜுவிட்டி பணத்தில் 2,48,000 ரூபாய் போட்டேன். ஆனாலும் அந்த மனு என் கணினியிலிருந்து போகாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரும்புத்தாது எனக்குப் புதிதில்லை. கர்நாடகத்தின் பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து, சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் கப்பல் ஏறிப் போவதை வருடக்கணக்காகப் பார்த்தவன். மூட்டையை எண்ணுவது போல அதை எண்ண முடியாது. கப்பலின் மேனியில் எழுதியிருக்கும் அளவுக்கோட்டைப் படகில் சுற்றிவந்து படிப்பார்கள். எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று முன்னால், நடுவில், பின்னால், இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடை போடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் படித்தால், கப்பல் சாய்ந்திருப்பது தெரியாமல் போய்விடும். இவ்வளவு தெரிந்த நான் உங்கள் அறிவிப்புகளை ஒரே பக்கமாகத்தான் படித்தேன். 2021ல் வங்கி வட்டி ரொம்பக் குறைந்திருந்த நேரம் வேறு. "தாதுதானே, நமக்குத் தெரிந்த சரக்குதானே" என்று வாங்கிவிட்டேன். சரி, அது என் தப்பு.

தாதுவின் இன்னொரு பக்கத்தை வீட்டில் பார்த்தோம். எங்கள் தெருவில் யாரும் மொட்டை மாடியில் வடாம் காயப்போட மாட்டார்கள். என் மனைவி கல்யாணமான புதிதில் தெரியாமல் ஒரு தடவை போட்டாள். சாயங்காலம் எடுக்கப் போனால் வெள்ளை வடாமின் மேல் கறுப்பும் செம்மண் நிறமுமாகப் பொடி. நிலக்கரி பாதி, தாது பாதி. கழுவினால் வடாம் கரையும், கழுவாவிட்டால் பல்லில் நறநறக்கும். அத்தனையையும் தூக்கிக் கொட்டினோம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளக் கூடாது, எண்ணூருக்கு மாற்றுங்கள் என்று 2011ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கூட வேலை பார்த்தவர்களுக்கு வேலை குறைந்தது, லாரிக்காரர்கள் வண்டியை விற்றார்கள். அடுத்த கோடையில் மனைவி ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய் வடாம் பிழிந்தாள். வெள்ளையாகவே காய்ந்தது. அன்றைக்கு நான் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

எண்ணூரில் இன்னும் ஒரு பாடம் இருந்தது. தாதுவுக்கென்றே அங்கே ஒரு முனையம் கட்டினார்கள். அது தயாராகி வந்த 2010ல், ஜூலை மாதம், கர்நாடக அரசு தாது ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்க வேலையையே நிறுத்தியது. கடைசியில் முனையத்தை நிலக்கரிக்கு மாற்றினார்கள். அதில் பணம் போட்டவர்கள் பட்டதை அந்தப் பக்கம் போய்வந்த எல்லோரும் பேசிக்கொண்டோம். இவ்வளவும் கண்ணெதிரே நடந்தும் எனக்கு உறைக்கவில்லை. உங்களுக்காவது உறைத்திருக்க வேண்டாமா? மலையில் ஒரு கூடை மண் எடுக்க அனுமதி வருவதற்கு முன்பே கீழே கடன் வாங்கி, தாதுப்பொடியை உருண்டையாக்கும் பெல்லட் ஆலை கட்டினீர்கள். ஒடிசாவில் வேதாந்தா இதைத்தான் செய்தது. லாஞ்சிகரில் அலுமினா ஆலையை எழுப்பிவிட்டு, மேலே நியம்கிரி மலையின் பாக்சைட்டுக்கு, அதாவது அலுமினியத் தாதுவுக்குக் காத்திருந்தது. 2013ல் உச்ச நீதிமன்றம் விஷயத்தைக் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. ஆலை வெளியே பாக்சைட் வாங்கி ஓட வேண்டியதாயிற்று. சுரங்கத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியாது என்று சொன்னால் நான் நம்பவா?

அப்புறம், அந்த "வன அனுமதி கிடைத்தது" அறிவிப்பு. அன்றைக்குப் பங்கு அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பில் நின்றது. மண்ணடியில் எங்கள் சப் புரோக்கர் (பங்குத் தரகர்) ஆபீஸில் யாரோ ஜாங்கிரி வாங்கிவந்து கொடுத்தார்கள். கிடைத்தது முதல் கட்ட ஒப்புதல் மட்டும்தான், நிபந்தனைகளை நிறைவேற்றி இரண்டாம் கட்ட ஒப்புதல் வாங்கும்வரை அந்தக் காட்டை உங்களிடம் ஒப்படைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிய வந்தபோது ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. அறிவிப்பில் "முதல் கட்டம்" என்ற சொல் இரண்டாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்தது. பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்ல முடியாது. அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியை மறுக்கலாம் என்று அமைச்சகத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்த கூட்டத்தின் குறிப்பு, இத்தகைய அனுமதிகளுக்கான அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறிப் பதினோரு நாள் கழித்துத்தான் பங்குச் சந்தைக்குச் சொன்னீர்கள். முக்கியமான அனுமதி வந்தாலும் போனாலும் சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015ஆம் வருட விதிமுறைகளில் 30ஆவது விதி இருக்கிறது. கேட்டதற்கு, "அது வெறும் பரிந்துரை, இறுதி ஆணை இல்லை" என்று உங்கள் செயலாளர் பதில் போட்டார். சரி. முன்பு வேறொரு குழு நமக்குச் சாதகமாகப் பரிந்துரை செய்தபோது அதுவும் வெறும் பரிந்துரைதானே? அதை மட்டும் அன்று மாலையே அறிவித்தீர்களே, எப்படி?

அந்தப் பதினோரு நாளில் பங்கு வழக்கத்தைவிட நிறையக் கைமாறியிருக்கிறது. யார் விற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் விற்கவில்லை, விற்க முடியவும் இல்லை. மறுப்பு வெளியே வந்த அன்று காலை ஒன்பதே காலுக்கு சப் புரோக்கர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பதினாறுக்கு லோயர் சர்க்யூட், அதாவது அன்றைக்கு இறங்கக்கூடிய கடைசி வரம்பு. திரையில் விற்கும் பக்கம் லட்சக்கணக்கில் நிற்கிறது, வாங்கும் பக்கம் பூஜ்யம். மறுநாளும் அப்படியே. ஐந்து நாள் டிபன் டப்பாவோடு போய் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். "மாமா, ஆவரேஜ் பண்ணிடலாமா?" என்றான் ஆபீஸ் பையன். இறங்கிய விலையில் இன்னும் வாங்கி, சராசரி விலையைக் குறைக்கலாமா என்கிறான். நல்லவேளை, கையில் காசில்லை.

அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2019ல் ஏலம் விட்டவர்களும் அவர்கள்தான், இத்தனை வருடம் கழித்து முடியாது என்பவர்களும் அவர்கள்தான். தோண்டக் கூடாத மலையை ஏலப் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள்? முதல் வருடமே முடியாது என்றிருந்தால் ஆலைக்குக் கடன் வாங்காமலாவது தப்பித்திருக்கலாம். எனக்கும் 62 ரூபாயில் வாங்கும் வாய்ப்பு கிடைத்திருக்காது. கூடுதல் விவரம் வேண்டும், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறோம் என்று நான்கு முறை குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இதை மனுவில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் அந்த நான்கு குறிப்புகளையும் பேரனின் லேப்டாப்பில் திறந்து படித்தேன். நான்கிலும் கேட்டது ஒன்றேதான், மழைக்கால ஓடைக் கணக்கு. நீங்கள் கொடுத்தது கோடையில் எடுத்த அளவு. வற்றிக் கிடக்கும் ஓடையை அளந்து, சுரங்கத்தால் ஓடைக்குப் பாதிப்பில்லை என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? எங்கள் ஊரில் ஏப்ரல் மாதம் கொசஸ்தலையாற்றைக் காட்டி இது ஆறே இல்லை என்று சொல்லிவிடலாம். டிசம்பரில் வந்து சொல்லிப் பாருங்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் குறிப்பிலும் பேசியவர்களில் பாதிப் பேர் அந்த ஓடையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்) நீங்கள் எங்களிடம் சொன்னது "உள்ளூர் மக்களின் முழு ஆதரவு".

2025 ஜனவரியில் மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்ததை டிவியில் பார்த்து நான் கை தட்டினேன். மனைவி உள்ளேயிருந்து வந்து கேட்டாள்: "அரிட்டாபட்டி மலைக்குக் கை தட்டுறீங்க. உங்க கம்பெனி தோண்டுற மலை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" எனக்குப் பதில் வரவில்லை. அது வெளிமாநிலம் என்றேன். அங்கே வடாம் போட மாட்டார்களா என்றாள்.

ஆகவே மனுவை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில், ஆலைக்கு எவ்வளவு கடன், மாதம் எவ்வளவு வட்டி, வெளியே தாது வாங்கி ஓட்டினால் கட்டுப்படியாகுமா என்பதை ஒரு தாளில் எழுதிச் சந்தைக்குக் கொடுங்கள். மேல்முறையீட்டுக்குப் போவதாக இருந்தால், மழைக்கால அளவு எடுத்தாயிற்றா என்று முதலில் சொல்லுங்கள். அந்தப் பதினோரு நாளைப் பற்றி செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். பதில் எனக்கு வந்தால் போதாது, எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

போன ஏஜிஎம்மில் பேசுவதற்குப் பெயர் கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டரை மணி நேரம் திரைமுன் உட்கார்ந்திருந்தேன். பதினேழாவது ஆளாகக் கூப்பிட்டார்கள். "ஐயா, உங்க வீடியோ வரலை" என்று ஒரு குரல், அடுத்த நொடி பதினெட்டாவது ஆள் பேச ஆரம்பித்துவிட்டார். செப்டம்பரில் மறுபடி பெயர் கொடுக்கிறேன். இந்தத் தடவை கேமராவைப் பேரன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உங்கள் பங்குதாரர் ஒருவர்,
ராயபுரம், சென்னை