மதமும் மதிப்பெண்ணும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் நடந்த கூட்டத்தில் பெற்றோர் ஒருவர், வேறு மதத்துப் பிள்ளைகளைக் குறித்து, “அவங்க மதமே அப்படி, படிப்பு ஏறாது” என்றார். அதைக் கேட்டு நின்ற பத்தாம் வகுப்பு மாணவி மறுநாள் என் அறைக்கு வந்து, “நான் எவ்வளவு படிச்சாலும் அப்படித்தானா சார்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரி 64.8. இந்தப் பின்னடைவை, முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006-இல் விரிவாகப் பதிவுசெய்தது. இதை மட்டும் படிப்பவர் மதமே காரணம் என்று முடிவுகட்டக்கூடும். ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5 தான். வேதமும் ஒன்று, நோன்பும் ஒன்று என்றிருக்க, மதம்தான் காரணமென்றால் இவ்வளவு இடைவெளி எப்படி வரும்? இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் நகரங்களில் வாழ்வதும், பள்ளி அருகில் இருந்ததும், பள்ளியில் மதிய உணவு கிடைத்ததும் சேர்ந்தே இந்த மாற்றத்தைத் தந்தன என்பது என் கருத்து. எழுத்தறிவும் தேர்வு மதிப்பெண்ணும் ஒன்றல்ல என்பதையும் அறிவேன்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, எங்கள் வருகைப் பதிவேடே போதும். பின்தங்கிய பிள்ளைகள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அடிக்கடி விடுப்பு எடுப்பவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர்கள், அல்லது மாலையில் கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

வழிபாடு படிப்பைத் தொடும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ரமலான் நோன்பிருக்கும் பிள்ளை பிற்பகலில் சோர்ந்துபோகிறது. சபரிமலைக்கு மாலையிட்ட பிள்ளை விடியுமுன் குளித்துவிட்டு வந்து முதல் பாடவேளையிலேயே கண்ணயர்கிறது. இது சில வாரங்களுக்கு மட்டுமே உள்ள உடற்சோர்வு. நோன்போ விரதமோ தொடங்கும்போது வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்த நாள்களில் அவர்களை ஓடச் சொல்லாமல் இருக்கவும், சிறுதேர்வுகளைக் காலையில் வைக்கவும் எங்களால் முடியும். விழாவுக்கு ஒரு நாள் விடுப்பு எடுப்பதில் தடையில்லை. உறவினர் வீட்டிலேயே ஒரு வாரம் தங்கவைத்துவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளும் உடனிருப்பார்கள். அங்கே எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் அதன் மதத்தோடு சேர்த்துப் பேச வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்