இரண்டாவது சாவி

அன்புள்ள தம்பிக்கு,

போன சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 17 பேர், அதில் 9 பேர் நம் சொந்தக்காரர்கள், ஆகவே ரைஸ் மில் மாடியில் நடத்தும் பாட்டுக் கூடத்தை இந்த மாதத்தோடு இழுத்து மூடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மூடுவதும் மூடாததும் உன் இஷ்டம். நாற்காலி தூக்குகிறவனுக்குத்தான் இடுப்பு வலி தெரியும். ஆனால் அதற்கு முன்னால் லீனாவின் கதையைக் கொஞ்சம் கேட்டுவிடு.

அத்தானுக்கு அமெரிக்காவில் ஆல்பனி நகரத்தில் வேலையாக இருந்தபோது, அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு அடிக்கடி போவோம். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கே ஒரு மாடியில் இருக்கிறது கஃபே லீனா. காப்பிக் கடை மாதிரிதான் இருக்கும். ஆனால் அது நாட்டுப்புறப் பாட்டுக்கான இடம். 1960 மே மாதம் பில் ஸ்பென்சர், லீனா ஸ்பென்சர் என்ற தம்பதி பழைய தச்சுப்பட்டறை ஒன்றைப் பிடித்துத் தொடங்கினார்கள். பில் ஒரு சிற்பி. சில வருடம் நடத்திப் பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடலாம் என்பது திட்டம். நாட்டுப்புறப் பாட்டில் பணம் சேர்க்கத் திட்டம் போட்ட மனிதரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பணம் சேரவில்லை. ஓரிரு ஆண்டுகளில் பில் மட்டும் கிளம்பிப் போனார், மனைவியையும் விட்டுவிட்டு. லீனா கடையோடு தங்கிவிட்டார்.

அன்று நடவுப் பாட்டுக்காரப் பாட்டி பாடும்போது பின்வரிசைக் கல்லூரிப் பையன்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்று நொந்துபோயிருந்தாயே, அதற்கும் அங்கே ஒரு கதை உண்டு. 1961இல் 20 வயதுப் பையன் ஒருவன் பாட வந்தான். மேசைக்கு மேசை ஒரே பேச்சு. யாரும் அவனைக் காதில் வாங்கவில்லை. பொறுக்க மாட்டாமல் பில் மேடையேறிக் கூட்டத்தை அதட்டினாராம். அந்தப் பையன்தான் பின்னாளில் பேர்பெற்ற பாடகர் பாப் டிலன். அடுத்த ஆண்டும் அதே மேடையில் பாடினான். அவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது பிற்பாடு நடந்த சங்கதி, அதை விடு. எனக்கு அந்த அதட்டல்தான் முக்கியமாகப் படுகிறது. உன் ரைஸ் மில் மாடியில் அன்று அதட்ட ஆள் இல்லை. நீ கீழே குனிந்து மைக் ஒயரைத் திருகிக்கொண்டிருந்தாய்.

நான் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடலாம், ஆளுக்கு இரண்டு பாட்டு. மேடை நம் ஆச்சி வீட்டுத் திண்ணையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முதல் மேசையில் உட்கார்ந்தால் பாடுகிறவரின் ஷூ கயிறு அவிழ்ந்திருப்பதுகூடத் தெரியும். பெரியவர் ஒருவர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. அடுத்து வந்த பெண் பாதியில் வரி மறந்து நின்றாள். பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுக்க, மீதியைக் கூட்டமே பாடி முடித்தது. எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்த அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. சம்பளமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

லீனா காலத்தில் அங்கே மது கிடையாது. காப்பி, டீ, தின்பண்டம்தான். ஆகவே வரவு எப்போதும் இழுபறி, கடன் எப்போதும் உண்டு. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்த பாடகர்களுக்கு அவர் வீட்டில் படுக்கை இருந்தது, சாப்பாடு இருந்தது. அந்தப் பாடகர்களே பிற்பாடு அவருக்காக நிதிக் கச்சேரி செய்து கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நடவுப் பாட்டு பாடிய பாட்டிக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பினாய். அன்றைக்குக் களையெடுக்கப் போயிருந்தால் அவளுக்குக் கூலி வந்திருக்கும். அந்தப் பளபளப்புத் துணியை அவள் என்ன செய்வாள்? கையில் பணத்தைக் கொடு. பஸ் காசைத் தனியாகக் கொடு. அவளுக்கு மரியாதை தெரியும். சாவு விழாத இடத்தில் கூரைக்குக் கீழே ஒப்பாரி பாட மாட்டேன் என்று சொல்லி, கீழே இறங்கிவந்து வேப்பமரத்தடியில் நின்று பாடியவள் அவள். அன்று உன் கூட்டம் மொத்தமும் அவள் பின்னால் படியிறங்கி வந்ததே, அதைக் கடிதத்தில் ஏன் எழுதாமல் விட்டாய்? அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1989இல் லீனா அந்த மாடிப்படியில் விழுந்தார். பிழைக்கவில்லை. 29 வருடத்தில் பெரும்பாலும் அவர் ஒருவர் தலையில் ஓடிய இடம் அது. அவரோடு போயிருக்க வேண்டியதுதான். காப்பி குடிக்க வந்தவர்களும் பாட வந்தவர்களும் சேர்ந்து அதை லாபநோக்கற்ற அமைப்பாக்கி, வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். இன்னும் அதே மாடியில்தான் நடக்கிறது. 2016இல் கட்டடத்தைப் பெரிதாகப் புதுப்பித்தபோது லிஃப்ட் வைத்தார்கள். எனக்கென்னவோ அந்த லிஃப்டைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

ரைஸ் மில் மாடிக்கு எத்தனை சாவி? ஒன்றுதான், அதுவும் உன் பைக் சாவியோடு கோத்திருக்கிறது என்று அத்தை சொன்னாள். பஜாரில் இன்னொன்று வெட்டி, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பையன்களில் உயரமானவனிடம் கொடு. அடுத்த சனிக்கிழமை நாற்காலி போடுவது அவன் வேலை, அதட்டுவதும் அவன் வேலை. தை பிறந்ததும் நான் ஊருக்கு வருகிறேன். டீ ஃபிளாஸ்க் என் பொறுப்பு. 17 பேருக்கா 30 பேருக்கா என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
அக்கா