ஆபரேட்டர் என்று ஒரே வரியில் முடிக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஸ்டார் டிரெக் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1966இல் தொடங்கிய அமெரிக்க விண்வெளிக் கதைத் தொலைக்காட்சித் தொடர், அப்புறம் சினிமாக்கள், மறுபடியும் புதுப்புதுத் தொடர்கள் என்று கிட்டத்தட்ட 60 வருடக் கதையை நான்கு பக்கத்தில் அடக்குவது சுலபமில்லை. அதில் வரும் கேப்டன் கிர்க், ஸ்பாக், பிக்கார்ட் ஆகிய பாத்திரங்கள் எல்லாருக்கும் நல்ல இடம் கொடுத்திருந்தார் கட்டுரையாளர். ஆனால் உஹூராவுக்கு ஒரே ஒரு வரி. 'கப்பலின் டெலிபோன் ஆபரேட்டராக வரும் கறுப்பினப் பெண்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். ஒரு வாரமாக அந்த வரி மனதை உறுத்துகிறது.

நானும் ஆபரேட்டர்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டுக்கு முன்னால் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள். 1980களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய தொடரைப் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிது எனக்கு. எதிர்வீட்டு டிவியில் போய்ப் பார்ப்பேன். ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. கேப்டனுக்குப் பின்னால் காதில் ஒரு கருவியோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் மட்டும் முதல் நாளே புரிந்துவிட்டாள். இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரலைப் பிடிக்க முகத்தை லேசாகச் சாய்ப்பாளே, அந்தச் சாய்வு எங்கள் ஹாலில் இருபது பேரிடமும் இருந்தது.

'தொடர்பு திறந்திருக்கிறது, கேப்டன்' என்பதுதான் அவளுக்குப் பல வாரம் கிடைத்த ஒரே வசனம். அது உண்மை, மறுக்கவில்லை. எங்களுக்கும் 'லைன் கிடைச்சிருக்கு, பேசுங்க' என்பதுதான் வசனம். ஆனால் அவள் வேலை அதோடு முடியவில்லை. 1967இல் வந்த ஒரு கதையில் தகவல் தொடர்பு அறுந்துபோகிறது. உஹூரா தன் மேஜையைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, சர்க்யூட்டைத் தானே பிரித்துச் சரிசெய்கிறாள். கொஞ்சம் பிசகினாலும் மொத்த அமைப்பும் போய்விடும், மிக நுணுக்கமான வேலை இது என்கிறாள். இந்த வேலைக்கு உன்னைவிடத் தகுதியான ஆள் எனக்குத் தெரியாது என்கிறான் ஸ்பாக். யாரையும் லேசில் பாராட்டாதவன் அவன். உஹூரா என்றதும் 1968இல் வந்த கிர்க்குடனான முத்தக் காட்சியைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பர், வெள்ளையர் முத்தமிட்டுக்கொண்ட முதல் காட்சிகளில் அதுவும் ஒன்று, சரி. ஆனால் கதையில் அதுகூட வேற்றுலகத்தார் வலுக்கட்டாயமாகச் செய்ய வைப்பது. எனக்கு அந்த சர்க்யூட் காட்சிதான் பெரிது.

அந்தப் பெயரையும் பாருங்கள். ஸ்வாஹிலி மொழியில் 'உஹுரு' என்றால் விடுதலை. 1966 செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பான முதல் கதையிலேயே அவள் ஸ்வாஹிலியில் பேசுகிறாள். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் பயமின்றி ஓட்டுப் போடச் சட்டம் வந்து ஒரே வருடம் ஆகியிருந்த நேரம் அது. தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண் என்றால் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரி. இவள் சீருடை போட்ட லெப்டினன்ட்.

அந்த வேடத்தில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் முதல் வருடம் முடிந்ததும் விலகப் பார்த்தார். அவருக்கு எழுதிய வசனங்கள் வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தன. பாட்டும் நடனமும் தெரிந்தவர், மேடைக்கே திரும்பிவிட நினைத்தார். தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரியிடம் விலகல் கடிதமும் கொடுத்துவிட்டார். அந்த வார இறுதியில் ஒரு விழாவில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்று கூப்பிட்டார்கள். திரும்பினால், நிற்பது மார்ட்டின் லூதர் கிங். விலகப் போவதாக இவர் சொன்னதும் கிங்கின் முகம் மாறிவிட்டதாம். விலகக் கூடாது, நம்மை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி உலகம் முதன்முறையாகப் பார்க்கிறது என்ற பொருளில் பேசியிருக்கிறார். தானும் மனைவியும் குழந்தைகளைத் தூங்காமல் விழித்திருந்து பார்க்க விடுகிற ஒரே தொடர் இதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். நிக்கோல்ஸ் பிற்காலத்தில் பல பேட்டிகளில் சொன்னது இது. திங்கட்கிழமை போய் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்.

டிவிக்கு முன்னால் வேறு குழந்தைகளும் இருந்தார்கள். வேலைக்காரியாக இல்லாத ஒரு கறுப்பினப் பெண் டிவியில் வருகிறாள் என்று வீட்டுக்குள் ஓடிப்போய்க் கத்திய சிறுமி ஒருத்தி. அவர்தான் பின்னாளில் ஹாலிவுட் நடிகையான வூப்பி கோல்ட்பெர்க். பிறகு வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற ஸ்டார் டிரெக் தொடரில் தானே வாய்ப்புக் கேட்டு நடித்தார்.

தொடர் மூன்றே வருடத்தில், 79 கதைகளோடு 1969இல் நின்றது. அந்த மூன்றாவது வருடமே ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததால் கிடைத்தது. 1976இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, தொடரில் வரும் கப்பலின் பெயரான எண்டர்பிரைஸ் என்ற பெயர் வந்ததும் கடிதங்களால்தான். அந்த ஓடத்தை வெளியே கொண்டுவந்த நாளில் நடிகர்கள் வரிசையாக நின்றார்கள், நிக்கோல்ஸும் நின்றார். நாசா விஷயத்தில் உங்கள் கட்டுரை அந்த நாளின் புகைப்படத்தோடு நின்றுவிட்டது. அதற்கடுத்த வருடம் நடந்ததுதான் முக்கியம். புதிய விண்வெளி வீரர்களுக்கு ஆள் எடுத்தபோது, பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்கச் செய்யும் பொறுப்பை நிக்கோல்ஸிடம் கொடுத்தது நாசா. ஊர் ஊராகப் போனார், கல்லூரிகளில் பேசினார். 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர்கள். அமெரிக்காவிலிருந்து முதலில் விண்வெளிக்குப் போன பெண் சாலி ரைட், முதல் அமெரிக்கக் கறுப்பின விண்வெளி வீரர் கயான் ப்ளூஃபோர்ட் இருவரும் அந்த 35 பேரில் உண்டு. எல்லாம் நிக்கோல்ஸ் ஒருவரால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவைத் தட்டுங்கள் என்று நேரில் போய்ச் சொன்னவர் அவர்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு பெயர் பெர்சிஸ் கம்பாட்டா. மிஸ் இந்தியாவாக இருந்தவர், 1979இல் வந்த முதல் படத்தில் தலையை மழித்துக்கொண்டு கப்பலின் வழிகாட்டியாக நடித்தார். அதே ஸ்டார் டிரெக், கான் நூனியன் சிங் என்ற இந்தியப் பாத்திரத்துக்கு முதலில் ஒரு மெக்சிகோ நடிகரையும், 2013இல் ஓர் ஆங்கிலேயரையும் போட்டது. 1967இல் செய்ததைக்கூட விட்டுவிடலாம், 2013இல் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

1992 செப்டம்பரில் மே ஜெமிசன் விண்வெளிக்குப் போனார். விண்ணுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர்தான், சிறுவயதிலிருந்தே உஹூராவின் ரசிகை. ஓடத்தில் தன் வேலைநேரம் தொடங்கும்போதெல்லாம் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்திடம் அவர் சொன்னது, 'தொடர்பு திறந்திருக்கிறது' என்ற அதே வசனத்தை. அதைச் செய்தியில் படித்த அன்று எனக்கு இரவு டூட்டி. போர்டில் உட்கார்ந்து முதல் டிரங்க் காலை இணைத்தபோது தொண்டை அடைத்தது, இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

நிக்கோல்ஸ் 2022 ஜூலையில் தன் 89ஆம் வயதில் காலமானார். அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை 2024 ஜனவரியில் ராக்கெட்டில் அனுப்பினார்கள். அது இப்போது சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் நிக்கோல்ஸின் படம் ஒன்றைப் போடுங்கள். கிர்க்கோடு நிற்பது வேண்டாம். காதில் கருவியோடு, தன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
திருச்சி