மேற்கோள் கணக்கும் மைக்ரோடோமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நரம்பியல் ஆய்வாளர் ஒருவரைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் (பிற ஆய்வுக் கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய தடவைகள்) எத்தனை, எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் கட்டம் கட்டிப் போடப்பட்டிருந்தன. மூளையின் எந்தப் பகுதியை அவர் ஆராய்கிறார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். "ஆயிரக்கணக்கான மேற்கோள்களே இவருடைய ஆய்வின் தரத்துக்குச் சான்று" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். தலா 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் அந்த எண் 20. ஐந்தே கட்டுரை எழுதியவர் தலைகீழாக நின்றாலும் 5-ஐத் தாண்ட முடியாது. நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட ஐந்து கட்டுரைகளில் விளக்கினார்கள். 1963-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த ஐந்தோடு அவர்கள் பேனாவை மூடியிருந்தால் தங்கள் இணைப்பில் கால் பக்கமாவது கிடைத்திருக்குமா?

ஒரு கட்டுரையைத் தவறு என்று மறுப்பதற்காகச் சுட்டினாலும் அதுவும் மேற்கோள் கணக்கில்தான் சேரும். அல்சைமர் நோய் பற்றி 2006-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை ஏறத்தாழ 2,500 முறை மேற்கோள் காட்டப்பட்டது. அதன் படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டவை என்ற ஐயம் 2022-இல் வெளியே வந்து, 2024-இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. தங்கள் நாளிதழில் அச்செய்தியை நான் பார்க்கவில்லை. ஆனால் மேற்கோள் கணக்கை வைத்துத் தயாரிக்கப்படும் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் நம் மாவட்டத்துக்காரர் இடம்பெற்றார் என்ற செய்தி, பொன்னாடைப் படத்தோடு, ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடுகிறது. தம் கட்டுரையைத் தாமே சுட்டிக்கொண்டவற்றை நீக்கிய கணக்கையும் அப்பட்டியலைத் தயாரிப்பவர்கள் தனியாகத் தருகிறார்கள். தங்கள் செய்தியாளர்களுக்கு அதைப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை போலும்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று தாங்கள் கேட்கலாம். ஓர் ஆய்வு நிறுவனத்தின் நரம்பியல் கூடத்தில் 31 ஆண்டுகள் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவன். மெழுகில் பதித்த மூளைத் திசுவை மைக்ரோடோம் என்ற கருவியால் மெல்லிய சீவல்களாகச் சீவுவது என் வேலை. மே மாத வெக்கையில் மெழுகு இளகி, சீவல்கள் நாடாபோல் வராமல் சுருண்டுகொள்ளும். மெழுகுக் கட்டியின் மேல் பனிக்கட்டியை வைத்து வைத்து எடுத்து, எலி மூளையைச் சீவிச் சாயமேற்றி, ஒரே கட்டுரைக்காக எட்டு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். அக்கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியபோது, அதை வெளியிடலாமா என்று பார்த்துச் சொல்லும் பெயர் தெரியாத மதிப்பாய்வாளர் ஒருவர் இன்னும் ஐந்து கட்டுரைகளை மேற்கோளாகச் சேர்த்தால் நல்லது என்று எழுதியிருந்தார். ஐந்திலும் ஒரே ஆசிரியரின் பெயர் இருந்தது. சேர்த்தோம், ஏற்றுக்கொண்டார்கள். எட்டு மாத உழைப்புக்குப் பத்து ஆண்டில் கிடைத்தவை ஏழு மேற்கோள்கள். அதே கூடத்தில் எவரும் எலியைத் தொடாமல், பிறர் முடிவுகளைத் தொகுத்து மூன்று வாரத்தில் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை நூறைத் தாண்டியது. இரண்டிலும் துறைத் தலைவரின் பெயர் இருந்தது. சீவியவன் பெயர் முதல் கட்டுரையின் நன்றியுரையில், அதுவும் எழுத்துப் பிழையோடு இருந்தது.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். தங்கள் கட்டுரையின் பெரிய படத்தின்கீழ் 'நுண்ணோக்கியுடன் ஆய்வாளர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது நுண்ணோக்கி அன்று, மைக்ரோடோம். அதன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையும் அவருடையது அன்று. மணிக்கட்டுக்கு மேல் அந்த ஆளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிட்டு, அந்தக் கைக்கு உரியவரின் பெயரையும் விசாரித்துப் போட வேண்டுகிறேன். இடமில்லை என்றால், எச்-இண்டெக்ஸுக்கு ஒதுக்கிய கட்டத்தில் பாதி போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
ஸ்ரீரங்கம்.