கையெழுத்துப் போட்டவர்களுக்கும், போடாத ஒருவருக்கும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வாக்குப்பதிவு இயந்திரம் வேண்டாம், பழையபடி வாக்குச்சீட்டே வேண்டும் என்று நாம் எழுதிய மனு போன வாரம் பதிவுத் தபாலில் தேர்தல் ஆணையத்துக்குப் போய்விட்டது. இதே கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ஆம் தேதியே நிராகரித்துவிட்டது. அது தெரிந்தும் கையெழுத்துப் போட்டீர்களே, அதற்கு முதல் நன்றி. "போட்டு என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை வாங்கியவர்கள்தான் அதிகம்.

மொடக்குறிச்சியில் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்த பாட்டிக்கு அடுத்தது. விவசாயிகளின் குறையைக் கேட்க ஆளில்லை என்று 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. "அந்தப் பொஸ்தகத்தையே பொரட்டிக் குத்துனவ நானு, ஒத்தச் சீட்டு எனக்குப் பெருசாக்கும்?" என்றார். (அதே புத்தகத்தைக் காட்டி, இதற்குத்தான் இயந்திரம் வேண்டும் என்று எதிர்த்தரப்பும் பேசலாம். பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.)

சட்டக் கல்லூரித் தம்பி இல்லாவிட்டால் மனு வேறு மாதிரி போயிருக்கும். 'இயந்திரத்தில் மோசடி நடக்கிறது' என்று நான் எழுதியிருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "ஆதாரம் இருக்காண்ணா?" என்றார். இல்லை. அந்த இடத்தில் ஜெர்மனி அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில் சொன்னதை வைத்தோம்: ஓட்டுப் போடுவதிலும் எண்ணுவதிலும் முக்கியமான கட்டங்களை, தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

அப்புறம், கையெழுத்துப் போடாத தலைமை ஆசிரியர் ஐயா. ஓய்வு பெறும்வரை தேர்தல் பணிக்குப் போனவர். எங்கள் துண்டறிக்கை ஒன்றை எடுத்து, முதலில் நீளவாக்கில் மடித்தார், பிறகு குறுக்கே. "இப்படி மடிச்சாத்தான் முத்திரை மை அடுத்த சின்னத்துல ஒட்டாது. மாத்தி மடிச்சா எந்தச் சின்னத்துல குத்துனதுன்னு எண்ணும்போது குழப்பம் வந்துரும். உங்களுக்கு இது தெரியுமா?" என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஆளுக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தோமே, அதை விடிய விடிய எண்ணியவர்களைப் போய்க் கேளுங்கள் என்றும் சொன்னார். கேட்டோம். கேட்ட பிறகுதான் மனுவில் இரண்டாவது கோரிக்கை சேர்ந்தது: சீட்டுமுறை முடியாதென்றால், ஓட்டுப் போட்டதும் இயந்திரம் அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டுகளையாவது (விவிபாட்) முழுவதும் எண்ணுங்கள். இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளைத்தான் எண்ணிச் சரிபார்க்கிறார்கள். மற்றவை நம் கண்ணில் பட்ட ஏழு விநாடியோடு சரி. இதுவும் உச்ச நீதிமன்றத்தின் அதே தீர்ப்பில் மறுக்கப்பட்டதுதான். இருந்தாலும் கேட்டிருக்கிறோம். ஐயா, உங்களுக்கு என் தனி வணக்கம்.

டீக்கடை பெஞ்சைச் சாயங்காலம் முழுக்க விட்டுக்கொடுத்த அண்ணனுக்கும், வீடு வீடாக வந்த சுய உதவிக்குழு அக்காக்களுக்கும் நன்றி.

ஜெராக்ஸ் கடைக்கு இன்னும் 240 ரூபாய் பாக்கி இருக்கிறது. "மெதுவாக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை கொடுத்துவிடுகிறேன்.